தயிர் வண்டிக்கு வந்த ஜப்பான் இயந்திரம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். கதிரவன் எழுவது ஒரு கரை. படுவது மறு கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் படுவான்கரையிலே வயலும் எருமைப் பட்டியும் மிகுதி. எழுவான்கரையிலே கடைத்தெருவும் கல்லூரியும் கடலும் உள்ளன. ஆகவே அக்கரையிற் கறந்த பால் தயிராகி இக்கரைச் சந்தைக்கு வந்து சேர்ந்தால்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரியும். முன்னாளில் இதற்குத் தோணியும் ‘பாதை’யும் உதவின. பாதை என்றதும் வெளியூர் அன்பர்கள் வீதியை எண்ணிவிடலாகாது. மனிதரையும் வண்டியையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கு அதுவே பெயர். 2014ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கொக்கட்டிச்சோலைப் பகுதித் தயிர்ச்சட்டி பாதைக்காகக் காத்துக் கிடக்க வேண்டிய நிலை நீங்கிற்று.

அப்பாலத்தின் மீது, வைகறையிலே, வைக்கோல் பரப்பிய முதுகில் நூறு தயிர்ச்சட்டிகளைச் சுமந்துகொண்டு ஊர்ந்து செல்லும் சாம்பல் நிற மொறிஸ் மைனர் பிக்அப் வண்டி ஒன்றினைச் சிலர் கண்டிருப்பர். அது எமது தமையனாருடையது. அதன் இயந்திரம் 2023ஆம் ஆண்டு தை மாதத்தில் உயிர் நீத்தது. அதற்கு வேறோர் இயந்திரம் பொருத்திய கதையே இக்கட்டுரை. வண்டிக் கதையில் வீட்டாருக்கு என்ன வேலை என்று கேட்கும் தாய்மார் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இக்கதையில் இறுதித் தீர்ப்பு வழங்கியவர் எமது அண்ணியாரே.

வண்டியின் பூர்வீகம்

மொறிஸ் மைனர் என்னும் கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். பிற்காலத்திலே ‘மினி’ காரினை ஆக்கிப் புகழ் பெற்றவரும் அவரே. 1953இல் இதன் பிக்அப் வடிவம் வந்தது. காருக்கு உடலே எலும்புக்கூடாகவும் அமைந்திருக்க, பிக்அப்பிற்கோ தனியான இரும்புச் சட்டகம் உண்டு. உடல் துருப்பிடித்து உதிர்ந்தாலும் சட்டகம் நிற்கும். உப்புக் காற்று வீசும் எமது நாட்டில் இந்த வேறுபாடு சிறிதன்று.

இலங்கையில் இவ்வண்டிகள் இத்துணைக் காலம் நின்று நிலவுவதற்கு அன்பு மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977வரை புதிய வண்டி என்பது பலருக்குக் கனவாயிற்று. இருப்பதைத் திருத்தி ஓட்டும் கலை அக்காலத்தில் வளர்ந்தது. 1990களிலே காலியில் தனபால சமரசேகர என்பவரும், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவரும் கூடி ஒரு தொழிலகம் தொடங்கினர். பிறந்த நாட்டிலே கிடைத்தற்கரிதாகிவிட்ட மைனர்த் தகடுகள் அங்கு அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக இது தோன்றலாம். உண்மையில் அத்தெருவிலே கொல்லர் அற்றுப்போயிருந்தனர்.

எமது வண்டி 1963ஆம் ஆண்டினது. 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 48 பரிவலு. எமது தந்தையார் அதனை 2003ஆம் ஆண்டு, ஏ-9 வீதி திறந்து ஓராண்டு கழிந்தபின், யாழ்ப்பாணத்தில் வாங்கினார். அங்கே 1990களில் பெற்றோல் அருந்தட்டுப்பாடான காலத்தில் மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை அக்காலத்தவர் மறந்திரார். காபரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பின்னால் வெண்புகை கோலமிட வண்டி நகரும். உயிர் காத்த உபாயம் அது. ஆயினும் இயந்திரத்திற்கு நஞ்சு. மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள மசகெண்ணெயையும் நீர்க்கச் செய்யும். எண்ணெய் நீர்த்தால் இரும்பும் இரும்பும் உராயும்.

அவ்வாறு தேய்ந்த சிலிண்டர்களை வாங்கிய ஆண்டிலே ஒருமுறை கடைந்து பெருப்பித்தோம். 2011இல் மறுமுறை பெருப்பித்தோம். இரண்டாம் முறையோடு அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு கூடிவிட்டது. அதுவே வழக்கமான எல்லை. கிராங் தண்டும் அவ்வாறே அரைத்து அரைத்து மெலிந்திருந்தது. இதற்கிடையில் 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மக்களின் நுரையீரலுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய வார்ப்பிரும்பு இயந்திரங்களின் கழிவு வால்வு அமரும் இடத்திற்கு அந்த ஈயமே காப்பாக இருந்துவந்தது. காப்பு நீங்கவே அவ்விடம் மெல்ல மெல்ல உண்ணப்பட்டது.

விற்பதா, திருத்துவதா?

ஆரையம்பதியிலுள்ள கராஜ் ஒன்றில் முதியவர் ஒருவர் இவ்வண்டியின் பரம்பரை வைத்தியர். இயந்திரத்தின் அடித்தொட்டியைக் கழற்றி, அதில் மின்னிய வெண்கலத் துகள்களை விரலில் ஒற்றியெடுத்து எமக்குக் காட்டினார்.

“சேர், இதுக்கு இனிச் சிலீவ் போடலாம், வால்வு சீற் போடலாம். ஆனா கிராங் எங்க எடுக்கிற? இதுக்கு மேல செலவழிக்கிறது செத்த மாட்டுக்கு வைக்கோல் போடுற மாதிரி.”

வண்டியை விற்றுவிடுமாறு நாம் ஆலோசனை கூறினோம். தமையனார் எம்மை ஏறிட்டுப் பார்த்தார். “வித்துப்போட்டு எதில தயிர் ஏத்துற தம்பி?” என்று கேட்டார். அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி விடப்பட்டது. அதனாற் பழைய வண்டிகளும் பொன் விலை பெற்றிருந்தன. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கிற் கிடந்து, வருமானம் தேய்ந்து, கடன் வளர்ந்திருந்த வீடு அது. மூத்த மகள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயில்கிறாள். இளையவள் எட்டாம் வகுப்பு. சட்டி ஏற்றாத ஒவ்வொரு நாளும் அவ்வீட்டில் ஒரு செலவு குறைக்கப்பட்டது. முதலில் மீன் நின்றது. பின்னர் மூத்தவளின் தனி வகுப்பு நின்றது.

முதியவர் சொன்ன வழி வேறு. வண்டியின் சட்டகம் உறுதியாயிருக்கிறது. அதில் ஜப்பானிய நிசான் நிறுவனத்தின் ‘ஏ-12’ என்னும் இயந்திரத்தை வைக்கலாம் என்றார். டட்சன் 1200 என்று இங்கு வழங்கும் கார், பிக்அப் ஆகியவற்றின் இயந்திரம் அது. இலங்கையில் மொறிஸ் மைனர் வைத்திருப்போரிடையே இம்மாற்றம் புதிதன்று. விற்பனை விளம்பரங்களிலேயே டட்சன் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் உண்டெனப் பெருமையாகக் குறிப்பிடுவர்.

இவ்விடத்தில் மாணவர்க்குச் சுவையான ஒரு சரித்திரச் செய்தி. மைனரின் இயந்திரம் உண்மையில் மொறிஸ் வீட்டுப் பிள்ளையன்று. 1951இல் ஒஸ்ரின் நிறுவனம் தன் சிறிய காருக்காக ஆக்கியது அது. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாக இணைந்தபோது மைனருக்குள் வந்தது. அதே 1952ஆம் ஆண்டிலேதான் நிசான் நிறுவனம் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்தது; அதன்படி பின்னர் ஒஸ்ரின் கார்களை ஜப்பானிற் பொருத்தத் தொடங்கியது. 1950களின் இறுதிவரை அவ்வேலை நடந்தது. அங்கு கற்ற பாடங்களோடு தன் சொந்த அறிவையும் கூட்டி, 1966இல் 988 கன சென்ரிமீற்றர் இயந்திரம் ஒன்றை நிசான் வெளியிட்டது. 1970இல் அதன் வளர்ச்சியாக 1171 கன சென்ரிமீற்றர் கொண்ட ஏ-12 வந்தது. ஆகவே மொறிஸ் வண்டிக்குள் டட்சன் இயந்திரத்தை வைப்பது, ஒரே பள்ளியில் பயின்ற இருவரைச் சம்பந்தம் பேசி முடிப்பது போன்றதாகும்.

பழைய இயந்திரத்தின் கிராங் தண்டை மூன்று போதிகைகள் தாங்கின, ஏ-12இல் ஐந்து. அதன் தலைப்பகுதி அலுமினியம். அலுமினியத்தில் வால்வு நேரே அமர முடியாதாகையால், கடினமான உலோக வளையங்கள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. ஈயமற்ற பெற்றோலும் அவற்றை எளிதில் உண்ணாது. வலுவோ ஏறத்தாழ 68 பரிவலு. இந்த இயந்திரம் பூண்ட சிறு பிக்அப் ஜப்பானில் 1994வரை உற்பத்தியானது. எனவே 1963ஆம் ஆண்டு வண்டிக்கு 1990ஆம் ஆண்டு இயந்திரம் கிடைப்பது சாத்தியமே.

எமது தவறு

அண்ணியாரின் இரண்டு சோடிக் காப்புகள் அடகுக்குப் போயின. கொழும்பிலே பஞ்சிகாவத்தைப் பகுதி பழைய வாகன உறுப்புகளுக்குப் பேர்போன இடம் என்பது யாவரும் அறிந்ததே. நாம் தமையனாரோடு கொழும்பு சென்று, பல கடைகள் ஏறி இறங்கி, ஒரு கடையில் ஏ-12 இயந்திரம் ஒன்றைக் கண்டோம். கடைக்காரர் பற்றறி கொடுத்து அதனை நிலத்திலேயே இயக்கிக் காட்டினார். தையல் இயந்திரம் போல் ஓடிற்று. பட்டதாரியாகிய எமக்கு அவ்வோசையே போதுமாயிருந்தது. தலையசைத்தோம், தமையனார் பணத்தை எண்ணினார்.

லொறியில் வந்திறங்கிய இயந்திரத்தை முதியவர் சுற்றி வந்தார். ஓசையை அவர் கேட்கவேயில்லை. பக்கவாட்டில் இலக்கம் பொறிக்கப்படும் மேட்டினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அங்கு இலக்கம் இல்லை. அரத்தினால் தேய்க்கப்பட்ட கீறல்கள் மாத்திரம் பளபளத்தன.

இலங்கையில் வாகனப் பதிவுச் சான்றிதழில் இயந்திர இலக்கமும் இடம்பெறுகிறது. இயந்திரத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவித்து அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும். இலக்கம் அழிக்கப்பட்ட இயந்திரத்தை எவ்வாறு பதிவது? அது களவுப் பொருளாயிருந்தால்? நாளை ஒரு விபத்து நேர்ந்தால் காப்புறுதியின் கதி என்ன? வீதிச் சோதனையில் வண்டியைப் பிடித்து வைத்தால் தயிர் புளிப்பதோடு போகுமா? “சும்மா ஓட்டலாம், யார் பார்க்கிற?” என்று கராஜில் நின்ற சிலர் கூறினர். தமையனார் ஒருகணம் சலனப்பட்டார் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதியவரோ ஸ்பனரைத் துடைத்து வைத்துவிட்டு, “இத நான் பூட்ட மாட்டன்” என்று ஒரே சொல்லில் முடித்தார்.

கடைக்காரரோடு பத்து நாட்கள் வழக்காடி, இயந்திரத்தைத் திருப்பியனுப்பி, கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை இழந்து மீண்டோம். ஒரு சோடிக் காப்பு அதிலேயே கரைந்தது. அந்த இழப்புக்குப் பொறுப்பு எம்முடையது. இயந்திரம் வாங்கச் செல்வோர் முதலில் இலக்கத்தைப் பாருங்கள்; விற்பவரின் பற்றுச்சீட்டையும், அது வந்த வழியைக் காட்டும் பத்திரங்களின் பிரதியையும் கேளுங்கள். பின்னர் எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பால்போல் வெண்களி படிந்துள்ளதா என நோக்குங்கள். இருந்தால், நீர் எண்ணெயோடு கலந்துள்ளது. நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் மானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஓசை கடைசியிலே கேட்க வேண்டியது.

இறுதியில் இயந்திரம் கிடைத்தது கொழும்பிலன்று, காத்தான்குடிக் கடற்கரையருகிலே. அங்கு ஒரு வியாபாரியின் வீட்டு முற்றத்தில் டட்சன் பிக்அப் ஒன்று நின்றது. உப்புக் காற்று அதன் தளத்தையும் சட்டகத்தையும் அரித்து, கையால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கும் நிலை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதனைச் சிறிது நேரம் இயக்கி வைத்திருந்தார் அவர். எமக்கு உடல் இருந்தது, உயிர் இல்லை. அவருக்கு உயிர் இருந்தது, உடல் இல்லை. பதிவுப் புத்தகம், இலக்கம் எல்லாம் ஒத்திருந்தன. “நானா, விலையக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார் தமையனார். “உங்கட வாப்பாட தயிர் திண்டு வளந்தவன் தம்பி நான்” என்று கூறி, கியர்ப்பெட்டியையும் அதே விலைக்குள் சேர்த்துவிட்டார் அந்தப் பெரியவர்.

பொருத்திய விதம்

கியர்ப்பெட்டியும் உடன் கிடைத்தது பெரும் வாய்ப்பு. ஒரு நாட்டு இயந்திரத்தை மறு நாட்டுக் கியர்ப்பெட்டியோடு இணைக்க இடையிலே தட்டு, கிளச், போதிகை என நூறு தொல்லைகள் உண்டு. இரண்டையும் சோடியாக வைத்தால் தொல்லை முன்பக்கத் தாங்கிகளிலும் பின்பக்கத் தண்டிலும் மட்டுமே. மொறிஸ் கியர்ப்பெட்டியில் முதலாம் கியருக்கு ஒத்தியக்கும் வளையம் கிடையாது. வண்டி முற்றாக நின்றால்தான் அது அரைபடாமல் விழும். டட்சனில் அக்குறை இல்லை.

முதியவர் முதலில் இரும்பைத் தொடவில்லை. சங்கிலிக் கப்பியில் இயந்திரத்தைத் தொங்கவிட்டு, ஒரு விரலளவு முன்னே, ஒரு விரலளவு கீழே என இரண்டு நாட்கள் அசைத்து அசைத்துப் பார்த்தார். தாங்கிகளைக் காகித அட்டையில் வெட்டி வைத்து அளந்தார். நாம் பொறுமையிழந்து காரணம் கேட்டோம். அவர் கூறியதைப் பௌதிக மொழியில் பெயர்த்தால் இவ்வாறாகும்: கியர்ப்பெட்டியையும் பின் அச்சையும் இணைக்கும் நீண்ட தண்டின் இரு முனைகளிலும் யுனிவேர்சல் மூட்டுகள் உள்ளன. சாய்வாகச் சுழலும் இத்தகைய மூட்டு, ஒரே சீராய் வரும் சுழற்சியை வாங்கி, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் வெளிவிடும். முன்மூட்டு செய்யும் இக்குளறுபடியைப் பின்மூட்டு சரியாக நீக்க வேண்டுமானால் இரண்டின் சாய்வுக் கோணங்களும் சமமாயிருத்தல் வேண்டும். அதாவது இயந்திரத்தின் அச்சும் பின் அச்சுப் பெட்டியின் முனையும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க வேண்டும். இல்லையேல் வண்டி நடுங்கும். மூட்டு விரைவில் உதிரும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அம்முதியவர் ஒரு மட்டப்பலகையையும் கோணமானியையும் கொண்டு இதனைச் சாதித்தார். அன்று மாலை எமது உயர்தர மாணவர் ஐவரை அங்கு அழைத்துச் சென்றோம். கரும்பலகையில் அரைமணி நேரம் விளக்கியும் ஏறாத விடயம் அவர்கள் கண்முன் இரண்டு நிமிடத்தில் ஏறிற்று.

தண்டு டட்சன் முனையும் மொறிஸ் முனையும் ஒட்டப்பெற்று, கடைசல் இயந்திரத்தில் சமநிலை பார்க்கப்பட்டது. தளத்திலே கியர்த் தண்டு வெளிவருமிடம் மாறியதால் பழைய துளையைத் தகடிட்டு மூடிப் புதிதாக ஒன்று வெட்டினர். டட்சனின் றேடியேற்றரை உப்பு தின்றுவிட்டிருந்தது; மொறிஸினுடையதையே துப்புரவாக்கிப் பொருத்தினர். பிரித்தானியத் திருகாணி அங்குல அளவு, ஜப்பானியத் திருகாணி மில்லிமீற்றர் அளவு. ஆதலால் இனி வண்டியில் இரண்டு தொகுதி ஸ்பனர்கள் வைத்திருக்க வேண்டும்.

மின்சார விடயம் வேடிக்கையானது. அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையே உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். அதனால் உலோக அரிப்புக் குறையும் என்று கருதினர். ஜப்பானிய வண்டியிலோ எதிர்முனை. டட்சனின் மின்பிறப்பாக்கியைப் பூட்டிவிட்டுப் பற்றறியைப் பழைய முறையிலே இணைத்தால் அது அக்கணமே எரியும். எனவே பற்றறியைத் திருப்பி வைத்தனர். இதில் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் தமையனார் ஆசையோடு வாங்கி, ‘இந்த வண்டியில பாடாது’ என்று மெக்கானிக் கைவிட்ட வானொலிப் பெட்டி, முனை மாறியவுடன் பாடத் தொடங்கிற்று. இயந்திரம் கிளம்பியதைவிட அதற்கே பிள்ளைகள் அதிகம் கைதட்டினர்.

எருமை வழிமறித்த காலை

பங்குனிக் கடைசியில் வண்டி ஓடத் தொடங்கியது. முன்பு சுமையோடு அறுபது கிலோமீற்றர் வேகம் தொடுவதற்கு மூச்சு வாங்கிய வண்டி இப்போது எண்பத்தைந்தை எளிதிலே எட்டியது. “இனி ரெண்டு நடை போகலாம்” என்று தமையனார் மகிழ்ந்தார். முதியவர் மகிழவில்லை. “சேர், ஓட வைக்கிறது லேசு. நிப்பாட்டுறதுக்கு என்ன செஞ்சிருக்கம்?” என்று எம்மிடம் தனியே கேட்டார். பிறேக்கையும் முழுமையாகப் புதுப்பிக்க வேண்டுமென அவர் முதலிலேயே கூறியிருந்தார். பணம் போதவில்லை. சித்திரை கழியட்டும் என்று தமையனார் ஒத்திவைத்தார். நாமும் அழுத்திச் சொல்லவில்லை.

ஓடும் பொருளின் இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுமென்பது மாணவர் அறிந்ததே. அறுபதின் வர்க்கம் 3600. எண்பத்தைந்தின் வர்க்கம் 7225. வேகம் ஒன்றரை மடங்கு கூட ஆகவில்லை; பிறேக் விழுங்கவேண்டிய சக்தியோ இரு மடங்காயிற்று. அதனை விழுங்க இருப்பதோ, 48 பரிவலுவுக்கென வகுக்கப்பட்டு அறுபது ஆண்டுகள் கடந்த நான்கு டிரம்கள். பிறேக் எண்ணெயை அழுத்தும் பிரதான சிலிண்டர் மைனரில் ஓட்டுநரின் காலடித் தளத்தின் கீழே உள்ளது. மாரிவெள்ளத்தில் வீதி மூழ்கும் எமது பகுதியில் நீரும் சேறும் அதனை ஆண்டுதோறும் நீராட்டும். இவை அனைத்தையும் வகுப்பிலே கற்பிக்கின்ற நாம், வீட்டிலே வாய் திறக்கவில்லை.

புத்தாண்டுக்கு மூன்று நாட்களுக்கு முன், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், விடிந்தும் விடியாத வேளையில் எருமைக் கூட்டமொன்று வீதியைக் கடந்தது. தமையனார் பிறேக்கை மிதித்தார். வண்டி நிற்பதற்குப் பதிலாக இடப்புறம் இழுத்துச் சென்று வாய்க்கால் வரம்பில் முட்டியது. எருமைகள் ஒன்றுக்கும் சேதமில்லை. அவை திரும்பிப் பார்க்கவுமில்லை. தமையனாருக்கு நெற்றியில் ஒரு காயம். முப்பத்திரண்டு சட்டிகள் உடைந்து வயல் வரம்பு முழுவதும் தயிராயிற்று.

அன்று பகல் நாம் சென்றபோது அண்ணியார் முற்றத்தில் எஞ்சிய சட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்கவென்று எடுத்து வைத்த பணம் ஒரு கடித உறையில் இருந்தது. அதனை எமது கையில் வைத்தார்.

“சட்டி உடைஞ்சாத் தயிர்தான் போகும் தம்பி. மனுசன் உடைஞ்சா என்னத்தப் போட்டு ஒட்டுற? பிறேக்கைச் செய்யிற மட்டும் வண்டி படலையத் தாண்டப்படாது. அவருக்கு நான் சொல்லியாச்சு.”

வண்டி பதினாறு நாட்கள் படலைக்குள் நின்றது. டட்சனின் முன்சில்லுப் பிறேக்கை எடுத்துப் பொருத்தலாமே என்று யாரோ கூறினர். அவை மொறிஸின் சில்லு அச்சோடு பொருந்தா; வெட்டி ஒட்டினால் பொருந்தும். ஆனால் வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கித் திரும்பும் உறுப்பிலே ஒட்டுவேலை செய்ய முதியவர் மறுத்தார். பழைய முறையையே புதுக்கினார்: புதிய பிரதான சிலிண்டர், நான்கு சில்லுகளுக்கும் புதிய குழாய்களும் இறப்பர்களும், கடைந்து வட்டமாக்கிய டிரம்கள், புதிய உராய்வுப் பட்டைகள். பின்னர் வெற்று வீதியில், சுமையோடு, பத்துமுறை நிறுத்திப் பார்த்தார். பத்தாவது முறையும் வண்டி நேரே நின்றது. தமையனாரும் சுமையோடு அறுபதைத் தாண்டுவதில்லை என அண்ணியாரிடம் ஒப்புக்கொண்டார். இரண்டாம் நடை என்னும் ஆசை அத்தோடு போயிற்று. இயந்திர இலக்கத்தைத் திருத்தும் பத்திரவேலை பல பயணங்களை விழுங்கிய பின் முடிந்தது. புகைப் பரிசோதனையில் வண்டி முதல்முறையே தேறியது.

கழற்றிய பழைய இயந்திரம் இப்போது எமது கல்லூரி ஆய்வுகூடத்தின் மூலையில் இருக்கிறது. மாணவர் அதன் ஒரு பக்கத்தை அறுத்துத் திறந்து வைத்துள்ளனர். மூன்றாம் சிலிண்டரின் சுவரிலே விரல் நகம் தடுக்குமளவுக்கு ஒரு படி தெரிகிறது. யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கதையை அந்தப் படியைக் காட்டியே நாம் தொடங்குவது வழக்கம்.

வேகமானி மாத்திரம் இன்னும் சரியாகவில்லை. மொறிஸ் மானி மைல் கணக்கு. அதனைச் சுழற்றுவது டட்சன் கியர்ப்பெட்டி. ஆகவே அது உண்மைக்குக் குறைவாகவே காட்டுகிறது. தமையனாரின் மூத்த மகள் கைக்கடிகாரத்தோடு முன்னிருக்கையில் அமர்ந்து, வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களை எண்ணிக் கணக்கிட்டாள். முள் முப்பதில் நிற்கையில் ஒரு கிலோமீற்றரைக் கடக்க அறுபது விநாடி சென்றது. இருபதில் நிற்கையில் தொண்ணூறு. முள் காட்டும் மைலை இரட்டித்தால் வருவது கிலோமீற்றர்! அதனை ஓர் அட்டையில் எழுதி மானியின் கீழே ஒட்டி வைத்திருக்கிறாள். மானியைத் திருத்தித் தருகிறேன் என்று முதியவர் இருமுறை கேட்டும், தமையனார் விடவில்லை.